ஐந்து நிமிட ஏற்றமும் அவசர இறக்கமும்

திருப்பயணம் என்னும் சொல்லை நாம் இப்போது மிகவும் மலிவாகச் செலவழித்து வருகிறோம். விமானம் ஏறி ஒரு திருத்தலத்தைக் கண்டு திரும்பியவரெல்லாம் திருப்பயணி என்றும், நடந்து போகாதவர் எவரும் திருப்பயணியே அல்லர் என்றும் இருவேறு முழக்கங்கள் நம் பங்குகளில் கேட்கின்றன. இரண்டையும் நான் மறுக்கிறேன். மறுப்பதற்குரிய சான்றாக ஒரு மலையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியா மாநிலத்தில், பார்சலோனா நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் மோன்செராட் மலையே அது.

வாளால் அறுக்கப்பட்ட மலை என்பது அப்பெயரின் பொருள். தொலைவிலிருந்து பார்த்தால் அரம்பத்தின் பற்களைப் போல் அதன் சிகரங்கள் தெரியும். பழங்கால ஆறுகள் கடலோரத்தில் கொண்டுவந்து குவித்த கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகி, பின்னர் மழையாலும் காற்றாலும் விரல் விரலாகப் பிளவுண்ட மலை அது. அதன் உச்சி 1,236 மீட்டர். உச்சிக்கு வெகு கீழே, சுமார் 720 மீட்டர் உயரத்தில், பாறைச் சுவரை ஒட்டிப் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவு மடம் ஒன்று இருக்கிறது. ரிப்போல் மடத்தின் தலைவர் ஒலிபா 1025-ஆம் ஆண்டளவில் அதை நிறுவினார். 2025-இல் அதன் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. அங்கேதான் கத்தலான் மக்கள் 'கருநிறத்தாள்' என்று செல்லமாக அழைக்கும் மரியன்னையின் மரத்திருவுருவம் இருக்கிறது. அது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்பர். 1881-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அந்த அன்னையைக் கத்தலோனியாவின் பாதுகாவலியாக அறிவித்தார்.

இந்த மடத்திற்குப் போக இன்று பல வழிகள் உண்டு. காலால் ஏறலாம், பேருந்தில் போகலாம், 1892-இல் தொடங்கி, 1957-இல் நின்றுபோய், 2003-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய பற்சக்கர இரயிலில் போகலாம். நான்காவது வழி, பழனியில் நம் மக்கள் ரோப் கார் என்கிறார்களே, அதைப் போன்ற கம்பிவட ஊர்தி. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து பிளைக்கர்ட் நிறுவனம் அமைத்த இந்த ஊர்தி 1930-இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. லோபிரகாட் ஆற்றின் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பி, 1,350 மீட்டர் நீளமுள்ள வடத்தில், 544 மீட்டர் உயரத்தை ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஒரு மஞ்சள் பெட்டி மேலே ஏறும்போது மற்றொரு மஞ்சள் பெட்டி கீழே இறங்குகிறது. பார்சலோனாவில் காலை உணவை முடித்துவிட்டு இரயில் ஏறுகிறவர், மலையைப் பார்த்துவிட்டு இரவு உணவுக்கு நகருக்கே திரும்பிவிடலாம்.

முதலில், இந்த ஊர்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களோடு வாதிட விரும்புகிறேன். "அந்தக் காலத்தில் மக்கள் இரத்தம் கசியும் கால்களோடு நடந்தார்கள், இயந்திரம் வந்தது, பக்தி போயிற்று" என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. ஆனால் மோன்செராட் மலைக்கு வந்த திருப்பயணிகளுள் மிகப் பெரியவர் ஒருவரை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். 1522-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலொயோலா இஞ்ஞாசியார் அங்கே வந்தார். அவர் நடந்து வரவில்லை. கோவேறு கழுதையின் மேல் ஏறி வந்தார். முந்தைய ஆண்டு பாம்ப்லோனா கோட்டைப் போரில் குண்டடிபட்ட அவருடைய கால் இன்னும் முழுமையாகத் தேறியிருக்கவில்லை. வாகனத்தில் வந்தவர் திருப்பயணி அல்லர் என்றால், புனித இஞ்ஞாசியாரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியதுதான்!

மேலும், யாருக்காக இந்தச் சட்டத்தை இயற்றுகிறோம்? மூட்டு வலியோடு திருப்பலிக்கு வந்து கடைசி இருக்கையில் அமரும் மூதாட்டிக்கு மலை வேண்டாமா? இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு? காலிழந்தவருக்கு? நற்செய்தியில் முடக்குவாதமுற்றவனை நான்கு பேர் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினார்கள். "நடந்து வா, பிறகு பார்க்கலாம்" என்று ஆண்டவர் அவனிடம் கூறவில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டார் என்றே மாற்கு எழுதுகிறார். பிறர் தோளில் வந்தவனுக்கு மன்னிப்பும் நலமும் கிடைத்தன. இரும்பு வடத்தில் தொங்கும் பெட்டி, நடக்க இயலாத பல்லாயிரம் பேருக்கு அந்த நால்வரின் தோள். கால் வலுவுள்ளவர்கள் தங்கள் வலுவையே புண்ணியமாகக் கணக்கிடத் தொடங்கினால், அது ஆலயத்தின் முன்னே நின்று தன் நோன்புகளை எண்ணிக் காட்டிய பரிசேயனின் செபமாகிவிடும்.

ஆகவே ஊர்தி விடுதலை பெறட்டும். உண்மையான வழக்கு வேறொன்றின் மேல் இருக்கிறது. அது, ஏறும்போதே கையில் இருக்கும் திரும்புகால நேரம்.

அண்மையில் எங்கள் பங்கு அலுவலகத்திற்கு வந்த ஒரு பயண அறிக்கையில், காலையில் பார்சலோனா நகர்வலம், பிற்பகலில் மூன்று மணி நேரம் மோன்செராட், மாலையில் கால்பந்து அரங்கம் என்று அச்சிட்டிருந்தார்கள். தலைப்பில் திருப்பயணம் என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்துத் தரும் குருவுக்கு இலவச இருக்கை உண்டு என்பது சிறிய எழுத்தில் இருந்தது. அந்தச் சிறிய எழுத்தைப் பற்றிக் குருக்களாகிய நாங்கள் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. ஒரு பயணத்தைத் திருப்பயணம் என்று மேய்ப்பர் தம் பெயரைக் கொடுத்து உறுதிப்படுத்தும்போது, அந்தச் சொல்லை நம்பித்தான் மக்கள் பணம் கட்டுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை தம் சேமிப்பை எடுக்கிறார். கைம்பெண் ஒருவர் மகன் அனுப்பிய பணத்தை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்கிறார். அவர்கள் வாங்குவது சுற்றுலா என்றால் சுற்றுலா என்றே விற்க வேண்டும். சுற்றுலா பாவமன்று, இறைவன் படைத்த மலையைப் பார்த்து மகிழ்வது நல்ல செயலே. ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்பதுதான் தவறு.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். அன்னையின் திருவுருவத்தைக் கண்ணாடி மூடியிருக்கிறது. அவர் வலக்கையில் ஏந்திய உருண்டை மட்டும் தொடுவதற்கு ஏற்றாற்போல் வெளியே நீட்டியிருக்கிறது. அதைத் தொட வரிசை. ஆண்டொன்றுக்கு இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வரும் இடத்தில் அந்த வரிசை எவ்வளவு நீளமாயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வரிசை முடிந்து அன்னையின் முன் நிற்பது சில நொடிகள். பின்னால் இருப்பவர் தள்ளுவார். மடத்துச் சிறுவர் பாடகர் குழு, ஐரோப்பாவிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று, வழக்கமாக நண்பகலை ஒட்டிக் கிருபை தயாபத்து மந்திரத்தைப் பாடும்; வரிசையில் நிற்பவருக்கு அது தவறிப்போகும், பாடலுக்குப் போனவருக்கு வரிசை தவறிப்போகும். பிறகு உணவு, நிழற்படம், உள்ளூர் உழவர் விற்கும் பாலாடைக் கட்டியும் தேனும், ஒரு செபமாலை. வழிகாட்டி கைக்கொடியை உயர்த்துகிறார். எல்லாரும் இறங்குகிறார்கள்.

எல்லாரும் இறங்கிய பிறகுதான் அந்த மலையில் மாலை வருகிறது. கடைகள் மூடுகின்றன, முற்றம் காலியாகிறது, துறவியர் மாலைச் செபத்திற்குக் கூடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அந்த மடம் எதற்காக இருக்கிறதோ அது, பகல் விருந்தாளி போன பின்பும் நடந்துகொண்டிருக்கிறது. அவர் பார்த்தது வீட்டின் திண்ணையை. வீட்டாரைச் சந்திக்கவில்லை.

இது ஒரு குருவின் மிகைக் கற்பனை என்று எண்ணுவோர் அந்த மடத்தின் வரலாற்றையே கேட்கட்டும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தொகுக்கப்பட்ட ஒரு கைப்பிரதி இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் சிவப்பு வெல்வெட்டில் கட்டப்பட்டதால் அதைச் 'சிவப்பு நூல்' என்பார்கள். 1811-இல் நெப்போலியனின் படைகள் மடத்தைப் பாழாக்கியபோது அந்நூல் வெளியே ஒருவரிடம் இரவலாக இருந்ததால் தப்பியது. அதில் திருப்பயணிகளுக்கான பத்துப் பாடல்கள் உள்ளன. ஏன் அப்பாடல்கள் தொகுக்கப்பட்டன என்பதற்கு அந்நூலே காரணம் தருகிறது: கோவிலுக்குள் இரவுத் திருவிழிப்பு இருந்த மக்கள் பாடவும் ஆடவும் விரும்பினார்கள், பகலில் முற்றத்திலும் அப்படியே. கண்ட பாடல்களைப் பாடாமல், செபித்துக்கொண்டிருப்போரைக் கலைக்காமல், தகுந்த பாடல்களைப் பாடட்டும் என்று துறவியர் இவற்றைக் கொடுத்தார்கள். இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்தவர் இரவெல்லாம் அங்கேயே இருந்தார்! தூக்கம் வராமலிருக்கப் பாடினார், ஆடினார். அவருடைய களிப்பைத் துறவியர் வெறுக்கவில்லை. அதற்கு ஓர் இடம் தந்தார்கள். தங்கியவருக்குத்தான் பாட்டும் தேவைப்பட்டது.

இஞ்ஞாசியாரிடம் மீண்டும் வருவோம். கோவேறு கழுதையில் வந்தவர் வந்த உடனே திரும்பிவிடவில்லை. தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி வைத்து மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்திய இரவில், மார்ச் 24 அன்று, தம் உயர்ந்த ஆடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத்துணி உடுத்தினார். அன்னையின் பீடத்தின் முன் சில வேளை முழந்தாளிட்டும் சில வேளை நின்றும் இரவு முழுவதையும் கழித்தார். வாளும் குத்துவாளும் பீடத்தருகே விடப்பட்டன. கோவேறு கழுதை மடத்திற்குக் கொடுக்கப்பட்டது. விடிந்ததும் நற்கருணை உட்கொண்டு மன்ரேசா நோக்கி இறங்கினார். அந்த இறக்கம் எங்கெங்கோ சென்றது. மன்ரேசாவில் ஆன்மப் பயிற்சிகள் உருவாயின; பாரீசில் தோழர்கள் சேர்ந்தார்கள்; அத்தோழருள் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் கால் வைத்தார். தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் வாழும் நம் உறவினரின் விசுவாச வரலாற்றிலும் அந்த ஓரிரவுக்குப் பங்கு உண்டு. அவர் மூன்று மணி நேரத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடவுள் ஒருவரே அறிவார்.

நம் காலத்துக்கு நெருங்கிய சான்றும் உண்டு. 1970 டிசம்பரில், பிராங்கோவின் இராணுவ நீதிமன்றம் பாஸ்க் இனத்தவர் சிலருக்கு மரண தண்டனை விதிக்க முற்பட்டபோது, சுமார் 300 கத்தலான் எழுத்தாளரும் கலைஞரும் அறிஞரும் இம்மடத்திற்குள் புகுந்து அங்கேயே தங்கினார்கள். அவர்களில் பலர் கோவிலுக்குப் போகும் வழக்கமில்லாதவர்கள். ஆயினும் மடத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல். முதலில் அவரோடு செபிக்க வேண்டும், பிறகு சமாதானம் வாழ்த்த வேண்டும், அவர் கைகளிலும் கால்களிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றெல்லாம் அது வரிசைப்படுத்துகிறது. மூன்று மணி நேர விருந்தாளியின் காலை யார் கழுவுவது? அவர்தாம் நிற்கவே இல்லையே!

விவிலியத்து மலைகளும் இதையே சொல்கின்றன. சீனாய் மலையை மேகம் ஆறு நாள் மூடியிருந்தது. ஏழாம் நாளில்தான் ஆண்டவர் மோசேயை அழைத்தார். ஓரேபு மலைக்கு வந்த எலியா ஒரு குகையில் இராத்தங்கினார்; மெல்லிய ஒலி அதன் பிறகே வந்தது. "பேதுரு கூடாரம் அடிக்க விரும்பினார், ஆண்டவர் அதற்கு இடம் தரவில்லையே, மலையில் தங்குவது தேவையில்லை என்றுதானே பொருள்?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் லூக்காவைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள்: அவர்கள் மலையிலிருந்து இறங்கியது மறுநாள். நிரந்தரமாகக் குடியேறத்தான் தடை. ஓர் இரவு அங்கே கழிந்தது. அன்னை மரியாவும் மலைநாட்டுக்கு விரைந்து சென்றார். விரைவு போவதில் இருந்தது. போன இடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். நம் பயணங்களிலோ விரைவெல்லாம் திரும்புவதில் இருக்கிறது.

"கடவுளின் அருளுக்கு மணிக்கணக்கு உண்டா? நல்ல கள்வனுக்கு ஒரு நொடி போதவில்லையா?" என்று இன்னொரு தடை எழும்பும். அருளுக்கு மணிக்கணக்கு இல்லை என்பது மெய். நமக்கு இருக்கிறது. எம்மாவு வழியில் நடந்த இருவருக்கும் ஆண்டவர் வழியெல்லாம் விளக்கினார், அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. மாலையாயிற்று, எங்களோடு தங்கும் என்று வற்புறுத்தி அழைத்தபோது, அப்பம் பிட்கையில் கண் திறந்தது. ஆண்டவரால் ஒரு நொடியில் நம்மைத் தொட முடியும் என்பதற்காக, அவருக்கு ஒரு நொடிக்கு மேல் கொடுக்கமாட்டோம் என்று திட்டமிடுவது விசுவாசமாகாது.

செலவு கூடும் என்பார்கள். இது புறக்கணிக்கத்தக்க தடை அன்று. விடுதிக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். விடுப்பு கிடைப்பதும் அரிது. ஆனால் பன்னிரண்டு நாளில் பத்து ஊர் என்ற கணக்கை யார் விதித்தார்கள்? பத்தை நான்காகக் குறைத்தால் பேருந்துச் செலவும் குறையும், உடல் அலைச்சலும் குறையும். நான்கு இடங்களிலும் இரவு தங்க முடியும். ஊர்களின் எண்ணிக்கையே தாளில் கவர்ச்சியாகத் தெரிகிறது என்பதால்தான் பட்டியல் நீளுகிறது. நம் மக்கள் இதை அறியாதவர்கள் அல்லர். உவரியிலும் புளியம்பட்டியிலும் அந்தோனியார் சந்நிதியில் செவ்வாய்க்கு முன்னிரவே வந்து, பாய் விரித்துத் தங்கி, விடியற்காலைத் திருப்பலி கண்டு போகும் எளிய குடும்பங்கள் எத்தனை! வேளாங்கண்ணிக் கடற்கரை மணலில் படுத்து விடியலுக்குக் காத்திருப்போர் எத்தனை! விடுதி அறைக்கு வசதியில்லாத அவர்களுக்குத் தெரிந்திருக்கும் தங்குதலை, கடல் கடந்து போகும் வசதியுள்ள நாம் மறந்துவிட்டோம்.

எனவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவதாக, ஓர் இரவேனும் தங்காத, ஒரு திருப்பலியையோ துறவியரின் ஒரு செபவேளையையோ முழுமையாகக் காணாத எந்த நிகழ்ச்சியையும் பங்கின் பெயரால் திருப்பயணம் என்று அறிவிக்க வேண்டாம். சுற்றுலா என்றே அறிவிப்போம், விரும்பியவர் மகிழ்ச்சியாகப் போய் வரட்டும். இரண்டாவதாக, குருக்களுக்குத் தரப்படும் இலவச இருக்கையின் மதிப்பைப் பயணத் தொகையில் கழிக்கச் சொல்வோம், அல்லது பங்கில் நோயுற்ற ஏழை ஒருவரை அந்த இருக்கையில் அமர்த்துவோம். ரோப் கார் அவரையும் சுமக்கும். மூன்றாவதாக, நடந்து போகிறவர்கள் வாகனத்தில் வருகிறவர்களைத் தாழ்வாகப் பேசுவதை விட்டுவிடட்டும். எப்படி வந்தார் என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

பொதுநிலையினராகிய நீங்கள் முன்பணம் கட்டும் முன்னர் ஒரு கேள்வியை மட்டும் துணிந்து கேளுங்கள்: அன்னையின் வீட்டில் எங்களுக்கு எந்த இரவு? பதில் சொல்ல முகவர் தயங்கினால், அவரோடு நின்று உங்கள் பங்குத்தந்தையும் தயங்கினால், பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள். அடுத்த செவ்வாய்க்கு முன்னிரவில், பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, அருகிலுள்ள திருத்தலத்திற்குப் போய் விடியும்வரை இருங்கள். அது மோன்செராட் மலையைவிட உயரத்தில் குறைந்ததாக இருக்கலாம். திருப்பயணத்தில் குறைவாக இராது.